இந்தியா – ஆஸ்திரேலியா டெஸ்ட் பகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்கழி மாதம் ஆஸ்திரேலியாவில் டெஸ்ட் நடந்தால் நம் ஊர் வீடுகளில் ஒரு தனிச் சத்தம் உண்டு. தெருமுனைக் கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே தூங்குகிறவர்கள் எழுந்துவிடாதபடி குறைத்து வைத்த டிவியில், மெல்போர்னிலோ சிட்னியிலோ பந்து மட்டையில் படுகிற ஓசை. அப்படி விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து பார்த்துப் பழகியவர்களும், புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது.

பாகிஸ்தான் இருக்கும்போது ஆஸ்திரேலியாவை ஏன் பெரிய எதிரி என்கிறீர்கள்?

டெஸ்ட் கிரிக்கெட்டை வைத்துச் சொல்கிறேன். இந்தியாவும் பாகிஸ்தானும் கடைசியாக டெஸ்ட் ஆடியது 2007 டிசம்பரில், பெங்களூருவில். அந்த வருடம் பிறந்த குழந்தை இப்போது ஓட்டுப்போடும் வயதுக்கு வந்துவிட்டது. மேலும் அந்த மோதலில் பாதிச் சூடு மைதானத்துக்கு வெளியிலிருந்து வருவது.

ஆஸ்திரேலியாவோடு நமக்கு எல்லைத் தகராறு இல்லை, யுத்தம் நடந்ததில்லை, இங்கிலாந்தோடு இருக்கிற பழைய ஆட்சிக் கணக்கும் இல்லை. அப்படியிருந்தும் இவ்வளவு வேகம் எப்படி வந்தது? முழுக்க ஆட்டத்திலிருந்துதான். ஐம்பது வருடம் அவர்கள் நம்மைத் தோற்கடித்தார்கள். பல சமயம் நம்மைப் பொருட்படுத்தாமலேயே தோற்கடித்தார்கள். அதை நாம் இயல்பு என்று ஏற்றுக்கொள்ளாமல் விட்ட நாளிலிருந்து இது பகையானது. நான் இதை நேசிப்பதற்கும் அதுதான் காரணம்.

இந்த இரு அணிகளும் முதலில் எப்போது மோதின?

1947 நவம்பர் 28, பிரிஸ்பேன். சுதந்திரம் கிடைத்து நூற்றைந்து நாள்தான் ஆகியிருந்தது. அந்த அணியே பிரிவினையின் காயத்தோடு கப்பலேறிய அணி. பயணத்துக்குத் தேர்வான வேகப்பந்து வீச்சாளர் ஃபசல் மஹ்மூத் லாகூர்க்காரர். அவர் பாகிஸ்தான் பக்கம் போய்விட்டார். விஜய் மெர்ச்சன்ட் விலகிவிட, லாலா அமர்நாத் கேப்டன். எதிரே டான் பிராட்மேன்.

மழையில் ஊறிய ஆடுகளத்தில் இந்தியா 58 ரன்னுக்கும் 98 ரன்னுக்கும் சுருண்டது. எர்னி டோஷாக் 2 ரன் மட்டும் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார். ஐந்து டெஸ்டில் ஆஸ்திரேலியா 4–0. பிராட்மேன் மட்டும் 715 ரன்.

ஆனால் அந்தத் தொடரை வெறும் அடி வாங்கிய கதையாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வராது. அடிலெய்டில் லிண்ட்வாலும் மில்லரும் வீசிய பந்துகளை எதிர்கொண்டு விஜய் ஹசாரே 116, ஃபாலோ ஆன் வாங்கிய பிறகு (மிகவும் பின்தங்கியதால் உடனே மறுபடி ஆட வைக்கப்பட்டபோது) 145 என்று இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்தார். ஒரே டெஸ்டில் இரண்டு சதம் அடித்த முதல் இந்தியர் அவர். அதே ஆட்டத்தில்தான் மதராஸ் அணியின் வேகப்பந்து வீச்சாளர் சி. ஆர். ரங்காச்சாரி அறிமுகமானார். ஆஸ்திரேலியா 674 ரன் குவித்த இன்னிங்ஸில் 4 விக்கெட் அவருடையது.

‘மன்கட்’ என்ற சொல் இங்கிருந்துதான் வந்ததா?

ஆமாம். அதே தொடர், சிட்னி டெஸ்ட். பந்து வீச ஓடிவந்த வினு மன்கட், தன் பக்க முனையில் நின்று, வீசுவதற்கு முன்பே கோட்டை விட்டு நகர்ந்த ஆஸ்திரேலிய வீரர் பில் பிரவுனை ரன் அவுட் ஆக்கினார். இப்படி அவுட் ஆக்குவதைத்தான் ‘மன்கட்’ என்கிறார்கள். இதே பயணத்தின் முந்தைய ஆட்டமொன்றிலும் பிரவுனை முதலில் எச்சரித்துவிட்டு, பிறகு இப்படி அவுட் ஆக்கியிருக்கிறார். ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் கொதித்தன. பிராட்மேன் மன்கட் செய்தது சரியே என்று எழுதினார்.

ஒரு பெரிய ஆல்ரவுண்டரின் பெயர், விதிக்கு உட்பட்டு அவர் செய்த ஒரு காரியத்தால் ஏமாற்று வேலைக்கு மறுபெயராகிப் போனது எனக்கு இன்றும் வருத்தம். அந்தப் பயணத்தில் மெல்போர்னில் மட்டும் அவர் இரண்டு சதம் அடித்திருக்கிறார், அதை யாரும் சொல்வதில்லை. 2019 ஐபிஎல்லில் நம் அஸ்வின் ஜாஸ் பட்லரை இதே முறையில் வெளியேற்றியபோது அந்தப் பழைய சண்டை முழுதாகத் திரும்ப வந்தது. 2022இல் விதிப் புத்தகமே இதை ‘நியாயமற்ற ஆட்டம்’ பகுதியிலிருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட் பகுதியில் சேர்த்துவிட்டது.

இந்தியாவின் முதல் வெற்றி எது?

1959 டிசம்பர், கான்பூர். ஜசு படேல் என்ற ஆஃப் ஸ்பின்னர் முதல் இன்னிங்ஸில் 69 ரன்னுக்கு 9 விக்கெட், இரண்டாவதில் 55 ரன்னுக்கு 5. இந்தியா 119 ரன் வித்தியாசத்தில் வென்றது. ரிச்சி பெனோ தலைமையில் வந்த அணிக்கு அது பெரிய அதிர்ச்சி.

ஆஸ்திரேலிய மண்ணில் முதல் வெற்றிக்கு 1977–78 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மெல்போர்னில் பி. எஸ். சந்திரசேகர் இரண்டு இன்னிங்ஸிலும் சொல்லிவைத்தாற்போல 52 ரன்னுக்கு 6 விக்கெட். தொடர் வெற்றி முதலில் வந்தது 1979–80இல், சொந்த நாட்டில், கவாஸ்கர் தலைமையில்.

1981இல் கவாஸ்கர் மைதானத்தை விட்டு வெளிநடப்புச் செய்தது உண்மையா?

கிட்டத்தட்ட. மெல்போர்ன், பிப்ரவரி 1981. டெனிஸ் லில்லி பந்தில் கவாஸ்கர் 70 ரன்னில் எல்பிடபிள்யூ (ஸ்டம்புக்குப் போகிற பந்தைக் காலால் மறித்ததாக அவுட்). பந்து முதலில் மட்டையில்தான் பட்டது என்பது அவர் வாதம். லில்லி வந்து பேடைச் சுட்டிக்காட்டினார். சில வார்த்தைகளும் வந்து விழுந்தன. கவாஸ்கர் கூட ஆடிய சேத்தன் சௌஹானையும் இழுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார். சௌஹான் எல்லைக் கோட்டைத் தாண்டியிருந்தால் இந்தியா ஆட்டத்தைக் கைவிட்டதாக ஆகியிருக்கும். அணி மேலாளர் துரானி ஓடிவந்து கோட்டருகே நிறுத்தி, சௌஹானைத் திருப்பி அனுப்பினார். அப்படி நடந்துகொண்டது தவறு என்று கவாஸ்கர் பின்னாளில் பலமுறை வருத்தப்பட்டிருக்கிறார்.

எல்லாரும் இந்தச் சம்பவத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு மறுநாள்தான் சுவையானது. ஆஸ்திரேலியாவுக்கு வேண்டியது வெறும் 143. கபில் தேவுக்குத் தொடையில் காயம், திலீப் தோஷிக்குக் காலில் எலும்பு முறிவு, ஷிவ்லால் யாதவால் பந்து வீசவே முடியாது. நான்காம் நாள் மாலை கபில் களத்திலேயே இல்லை. ஐந்தாம் நாள் வலியோடு வந்து 28 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். ஆஸ்திரேலியா 83 ஆல் அவுட். தொடர் 1–1. சௌஹான் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் இதெல்லாம் நடந்தே இருக்காது.

‘டை’ என்றால் என்ன? டிராவும் அதுவும் ஒன்றுதானே?

இல்லை. நேரம் முடிந்து, முடிவு தெரியாமல் போனால் டிரா. கடைசியாக ஆடும் அணி ஆல் அவுட் ஆகி, இரண்டு அணிகளின் மொத்த ரன்னும் சமமாக இருந்தால்தான் டை. டெஸ்ட் வரலாற்றில் இரண்டே முறை நடந்தது. 1960இல் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடியது ஒன்று. இன்னொன்று நம் சேப்பாக்கத்தில். பாபி சிம்ப்சன் முதல் ஆட்டத்தில் வீரராகவும் இரண்டாவதில் பயிற்சியாளராகவும் இருந்தார்.

சேப்பாக்கம் டை டெஸ்டில் அப்படி என்னதான் நடந்தது?

1986 செப்டம்பர் 18 முதல் 22 வரை. சென்னையில் செப்டம்பர் புழுக்கம் எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியும். காற்று அசையாது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். போதாக்குறைக்கு மைதானத்தை ஒட்டி பக்கிங்காம் கால்வாய். அங்கே விக்டோரியாவிலிருந்து வந்த டீன் ஜோன்ஸ் எட்டு மணி நேரத்துக்கும் மேல் நின்று 210 ரன் அடித்தார். நடுவில் ஆடுகளத்தின் ஓரத்திலேயே வாந்தி எடுத்தார். கை கால் இழுத்துக்கொண்டது. முடியவில்லை, போகிறேன் என்றபோது கேப்டன் ஆலன் பார்டர், சரி போ, தெம்பான ஒரு குயின்ஸ்லாந்துக்காரனை அழைத்துக்கொள்கிறேன் என்கிற மாதிரிச் சீண்டினார். பார்டர் குயின்ஸ்லாந்து அணி, ஜோன்ஸ் விக்டோரியா. ரோஷம் வந்து ஜோன்ஸ் தொடர்ந்து ஆடினார். அவுட் ஆன பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் சலைன் ஏற்றினார்கள்.

ஆஸ்திரேலியா 574 ரன்னுக்கு 7 விக்கெட் இழந்து டிக்ளேர், அதாவது விக்கெட் பாக்கி இருக்கும்போதே இன்னிங்ஸை முடித்துக்கொண்டது. இந்தியா 397. அதில் கபில் தேவ் 119. பார்டர் இரண்டாவது இன்னிங்ஸையும் 170 ரன்னில் டிக்ளேர் செய்து, கடைசி நாளில் 348 அடியுங்கள் என்று விட்டார். துணிச்சலான முடிவு. அதுவே அந்த ஆட்டத்தை அமரமாக்கியது.

தொடர்ந்து நூறாவது டெஸ்ட் ஆடிய கவாஸ்கர் 90 அடித்தார். இந்தியா ஜெயித்துவிடும் என்று கேலரி முழுக்க நம்பியது. பிறகு விக்கெட்டுகள் சரியத் தொடங்கின. கிரெக் மாத்யூஸ் அந்த வெயிலிலும் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஓயாமல் வீசிக்கொண்டிருந்தார். கடைசி ஓவர், 4 ரன் வேண்டும், ஒரே ஒரு விக்கெட் பாக்கி. எதிரே ரவி சாஸ்திரி. முதல் பந்து தடுத்தார். இரண்டாவதில் 2 ரன். மூன்றாவதில் ஒரு ரன் ஓடினார்.

இப்போது ஸ்கோர் சமம். இனி இந்தியா தோற்காது என்று சாஸ்திரிக்குத் தெரியும், அதனால்தான் ஓடினார். அந்த ஒரு ரன்னை ஓடாமல், பந்தைத் தன் பக்கமே வைத்துக்கொண்டிருக்கலாமா என்று இன்றுவரை விவாதம் நடக்கிறது. என்னைக் கேட்டால் அவர் செய்தது சரி. மணிந்தர் சிங் நான்காவது பந்தைத் தடுத்தார். ஐந்தாவது பேடில் பட்டது. நடுவர் விக்ரம்ராஜு விரலை உயர்த்தினார். இந்தியா 347 ஆல் அவுட். மட்டையில் பட்டது என்று மணிந்தர் இன்றும் சொல்கிறார். விக்ரம்ராஜு அதற்குப் பிறகு இன்னொரு டெஸ்டில் நடுவராக நிற்கவில்லை.

டீன் ஜோன்ஸ் 2020 செப்டம்பர் 24 அன்று மும்பையில் திடீரென இறந்தார். அந்த ஆட்டம் முடிந்த தேதிக்கு இரண்டு நாள் தள்ளி. சென்னையில் பலருக்கு அன்று ஏதோ வீட்டு மனிதர் போய்விட்ட மாதிரி இருந்தது.

அதே சேப்பாக்கத்தில் ஒரு ரன்னில் தோற்ற ஆட்டம் எது?

1987 உலகக் கோப்பையில், அக்டோபர் 9. ஆஸ்திரேலியா ஆடியபோது ஜோன்ஸ் தூக்கியடித்த ஒரு பந்துக்கு நான்கு என்று சைகை வந்தது. இன்னிங்ஸ் முடிந்த பிறகு அது ஆறுதான் என்று முறையிட்டார்கள், கபில் தேவ் ஒப்புக்கொண்டார். 268 என்பது 270 ஆனது. இந்தியா 269. கடைசி ஓவரில் ஸ்டீவ் வா பந்தில் போல்டானவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே மணிந்தர் சிங்.

கபில் ஒப்புக்கொண்ட அந்த இரண்டு ரன்தான் நம்மைத் தோற்கடித்தது என்பவர்கள் உண்டு. பந்து எல்லைக்கு வெளியே விழுந்தது என்றால் அது ஆறுதான். கேப்டன் மறைக்காமல் சொன்னார். எனக்கு அதில் குறையே தெரியவில்லை.

பார்டர் – கவாஸ்கர் கோப்பை எப்போது வந்தது?

1996இல், டெல்லியில் நடந்த ஒரே ஒரு டெஸ்டில். நயன் மோங்கியா 152 அடித்தார், இந்தியா ஜெயித்தது. டெஸ்டில் பத்தாயிரம் ரன்னைத் தாண்டியவர்கள் அன்றைக்கு உலகத்திலேயே இரண்டு பேர்தான், அந்த இரண்டு பேர் பெயரையும் சேர்த்துக் கோப்பைக்கு வைத்தார்கள்.

சச்சின் – வார்ன் மோதலை ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

1998 மார்ச், சென்னை டெஸ்டுக்கு முன்பு நடந்த தயாரிப்புக்காக. ஷேன் வார்ன் ரவுண்ட் தி விக்கெட் (ஸ்டம்புக்கு மறுபக்கமாக) வந்து, லெக் ஸ்டம்புக்கு வெளியே கால் தடத்தில் கரடுமுரடான இடத்தில் பந்தைக் குத்துவார் என்று டெண்டுல்கர் கணித்தார். சென்னையிலேயே பயிற்சி ஆடுகளத்தில் அந்த இடத்தைக் கீறிக் கரடாக்கி, நம் எல். சிவராமகிருஷ்ணனை அதே கோணத்தில் வீசச் சொல்லி அடித்துப் பழகினார்.

முதல் இன்னிங்ஸில் 4 ரன்னுக்கு வார்னிடமே அவுட், ஸ்லிப்பில் மார்க் டெய்லர் பிடித்தார். கேலரி வாயடைத்துப் போனது. இரண்டாவது இன்னிங்ஸில் வார்ன் எதிர்பார்த்த மாதிரியே ரவுண்ட் தி விக்கெட் வந்தார். டெண்டுல்கர் மிட் விக்கெட் பக்கம் இழுத்து இழுத்து அடித்தார். 155, அவுட் இல்லை. வார்ன் கணக்கு 122 ரன்னுக்கு ஒரே விக்கெட். அடுத்த மாதம் ஷார்ஜாவில் மணல் புயலுக்கு நடுவே 143, இரண்டு நாள் கழித்துத் தன் இருபத்தைந்தாவது பிறந்தநாளில் 134. எல்லாரும் ஷார்ஜாவைச் சொல்வார்கள். வேர் சென்னையில் இருக்கிறது.

2001 தொடரை மிகச் சிறந்தது என்கிறார்களே, ஏன்?

ஸ்டீவ் வாவின் அணி மும்பையில் மூன்றே நாளில் ஜெயித்து, தொடர்ச்சியாக 16 டெஸ்ட் வெற்றி என்ற கணக்கோடு கொல்கத்தா வந்தது. இந்தியாதான் தான் வெல்ல வேண்டிய கடைசி எல்லை என்று வா சொல்லிக்கொண்டிருந்தார். கொல்கத்தாவில் ஆஸ்திரேலியா 445. முதல் நாளிலேயே ஹர்பஜன் சிங் ஹாட்ரிக் (அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று விக்கெட்) எடுத்தார், டெஸ்டில் இந்தியர் ஒருவருக்கு அதுவே முதல். ஆனாலும் இந்தியா 171 ஆல் அவுட், ஃபாலோ ஆன்.

முதல் இன்னிங்ஸில் கடைசி ஆளாக 59 ரன்னில் அவுட் ஆகி வந்த வி. வி. எஸ். லக்ஷ்மணை, பேடைக் கழற்றாதே, மூன்றாவதாக நீ போ என்றார்கள். வழக்கமாக அந்த இடத்தில் ஆடும் டிராவிட் ஆறாவதாகக் கீழே இறங்கினார். மூன்றாம் நாள் முடிவில் 4 விக்கெட்டுக்கு 254. நான்காம் நாள் முடிவிலும் 4 விக்கெட்தான், ஸ்கோர் 589. ஒரு முழு நாள், உலகத்தின் தலைசிறந்த பந்துவீச்சு, ஒரு விக்கெட்கூட இல்லை. லக்ஷ்மண் 281, டிராவிட் 180. டிராவிடுக்குக் காய்ச்சல் வேறு. இந்தியா 171 ரன் வித்தியாசத்தில் வென்றது. அதுவரை ஃபாலோ ஆன் வாங்கி ஜெயித்த அணி இங்கிலாந்து மட்டும்தான், 1894லும் 1981லும். அந்த இரண்டு முறையும் தோற்றது ஆஸ்திரேலியாவே.

இரண்டு நாள் இடைவெளியில் சேப்பாக்கம். மாத்யூ ஹெய்டன் 203. ஸ்டீவ் வா, பேடில் பட்டு ஸ்டம்பை நோக்கி உருண்ட பந்தைக் கையால் தள்ளிவிட்டு, பந்தைத் தொட்டதற்காகவே அவுட் ஆனார். டெண்டுல்கர் 126. ஹர்பஜன் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 15 விக்கெட். இலக்கு 155தானே, சுலபம் என்று பார்த்தால் ஒவ்வொருவராகப் பெவிலியன் திரும்பினார்கள். எட்டு விக்கெட் போன பிறகு, அறிமுக விக்கெட் கீப்பர் சமீர் திகே ஒருபக்கம் நிற்க, மெக்ராத் பந்தைப் பாயின்ட் பக்கம் தள்ளிவிட்டு ஹர்பஜனே கடைசி ரன்களை ஓடினார். மூன்று டெஸ்டில் அவருக்கு 32 விக்கெட்.

இன்னொன்று: 2008 ஜனவரியில் ஆஸ்திரேலியா மறுபடி 16 தொடர் வெற்றி வைத்திருந்தது. அதையும் பெர்த்தில் முடித்துவைத்தது இந்தியாதான்.

2008 சிட்னி சர்ச்சை என்ன?

பெர்த்துக்கு முந்தைய டெஸ்ட். ஆண்ட்ரூ சைமண்ட்ஸ் 30 ரன்னில் கீப்பரிடம் கேட்ச் கொடுத்தும் அவுட் தரப்படவில்லை, 162 வரை போனார். கடைசி நாளில் சொற்ப நேரமே பாக்கியிருக்க, மைக்கேல் கிளார்க் ஐந்து பந்துகளில் 3 விக்கெட் எடுத்து ஆட்டத்தை முடித்தார். ஒரே ஒரு அணிதான் ஆட்ட உணர்வோடு ஆடியது என்று கேப்டன் கும்ப்ளே சொன்னது அன்றைய கோபத்தை அப்படியே காட்டுகிறது.

கூடவே, ஹர்பஜன் தன்னைக் குரங்கு என்று சொன்னதாக சைமண்ட்ஸ் புகார். ஹர்பஜனுக்கு மூன்று டெஸ்ட் தடை வந்தது. மேல்முறையீட்டில் நீதிபதி ஜான் ஹான்சன் இனவெறிக் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று தடையை நீக்கி, கெட்ட வார்த்தை பேசியதற்கு மட்டும் அந்த ஆட்டத்துக்கான சம்பளத்தில் பாதியை அபராதமாக விதித்தார்.

இதில் நாம் நேர்மையாக ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்குச் சில மாதம் முன்பு வதோதராவிலும் மும்பையிலும் நம் ரசிகர்கள் சைமண்ட்ஸைப் பார்த்துக் குரங்குபோலக் கத்தினார்கள். 2021இல் சிட்னியில் சிராஜை அவர்கள் ரசிகர்கள் வசைபாடியபோது நமக்கு எவ்வளவு வலித்ததோ, அவ்வளவு அவருக்கும் வலித்திருக்கும். பின்னாளில் ஹர்பஜனும் சைமண்ட்ஸும் மும்பை இந்தியன்ஸ் அணியில் ஒன்றாக ஆடியபோது பேசி ராசியானார்கள். 2022இல் சைமண்ட்ஸ் கார் விபத்தில் இறந்துபோனார்.

ஆஸ்திரேலியாவிலேயே இந்தியா எப்போது தொடரை வென்றது?

2018–19இல் முதல் முறை, 2–1. 71 வருடக் காத்திருப்பு. புஜாரா மூன்று சதத்தோடு 521 ரன், பும்ரா மெல்போர்னில் 33 ரன்னுக்கு 6. அப்போது அவர்களுடைய முக்கிய மட்டையாளர்களான ஸ்மித்தும் வார்னரும் தடையில் இருந்தார்கள். அதனால்தான் ஜெயித்தீர்கள் என்று ஒரு பேச்சு இருந்தது.

அந்தப் பேச்சு 2020–21இல் அடங்கியது. அடிலெய்டில் இந்தியா 36 ஆல் அவுட், நம் டெஸ்ட் வரலாற்றிலேயே மிகக் குறைவு. முதல் குழந்தை பிறக்கவிருந்ததால் கோலி ஊர் திரும்பினார். மெல்போர்னில் ரஹானே 112 அடித்து வெற்றி தேடித்தந்தார். சிட்னி டிரா. பிரிஸ்பேனுக்குப் போகும்போது பும்ரா, அஸ்வின், ஜடேஜா, ஷமி, உமேஷ் எல்லாருமே காயம். ஆஸ்திரேலியா 1988க்குப் பிறகு அந்த மைதானத்தில் தோற்றதே இல்லை. அவர்களுடைய நான்கு பந்துவீச்சாளர்களின் டெஸ்ட் விக்கெட் ஆயிரத்தைத் தாண்டும், நம் ஐந்து பேருடையதைச் சேர்த்தால் இருபதுகூட வராது.

வலைப்பயிற்சியில் பந்து வீசுவதற்காகக் கூட்டிப்போன சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் அங்கே டெஸ்ட் தொப்பி வாங்கி, முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட் எடுத்தார். அதே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகம். சென்னை வாஷிங்டன் சுந்தருக்கும் அதுவே முதல் டெஸ்ட். 3 விக்கெட் எடுத்துவிட்டு, 6 விக்கெட்டுக்கு 186 என்று தத்தளித்தபோது இறங்கி 62 அடித்தார், ஷர்துல் தாக்கூரோடு 123 ரன் சேர்த்தார். பயணத்தின் தொடக்கத்திலேயே தந்தையை இழந்தும் ஊர் திரும்பாமல் தங்கிய சிராஜ், இரண்டாவது இன்னிங்ஸில் 5 விக்கெட் எடுத்தார். கடைசி நாள் 328 இலக்கு. கில் 91, உடம்பெல்லாம் அடி வாங்கிக்கொண்டு புஜாரா 56, பந்த் 89 அவுட் இல்லை. மூன்று விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி.

உலகக் கோப்பைகளில் யார் கை ஓங்கியிருக்கிறது?

ஆஸ்திரேலியா, சந்தேகமில்லை. 2003 இறுதியில் பான்டிங் 140. 2015 அரையிறுதி. 2023 நவம்பர் 19 அகமதாபாத் இறுதியில் டிராவிஸ் ஹெட் 137. அதே உலகக் கோப்பையில் அதற்கு ஆறு வாரம் முன்பு சேப்பாக்கத்தில் 2 ரன்னுக்கு 3 விக்கெட் போன நிலையிலிருந்து கோலியும் ராகுலும் ஜெயிக்க வைத்திருந்தார்கள், அதனாலேயே இறுதியில் வலி கூடுதல். நம் பக்கம் 2011 காலிறுதி, 2007, 2024 டி20 உலகக் கோப்பை ஆட்டங்கள், 2025 சாம்பியன்ஸ் டிராபி அரையிறுதி.

பெண்கள் அணிகளுக்கும் இந்தப் பகை உண்டா?

நிச்சயமாக, இப்போது அங்கேதான் சூடு அதிகம். 2017 உலகக் கோப்பை அரையிறுதியில் ஹர்மன்பிரீத் கௌர் 171 அடித்தார், அவுட் இல்லை. 2020 டி20 இறுதியில் மெல்போர்னில் 86,174 பேர் முன்னால் ஆஸ்திரேலியா 85 ரன்னில் வென்றது. 2025 அக்டோபர் 30, நவி மும்பை அரையிறுதியில் 339 இலக்கை ஜெமிமா ரோட்ரிக்ஸின் 127 ரன்னோடு விரட்டிப் பிடித்து, பிறகு கோப்பையையும் வென்றார்கள்.

மொத்தக் கணக்கு என்ன?

2024–25 தொடர் வரை 112 டெஸ்ட். ஆஸ்திரேலியா 48, இந்தியா 33, டிரா 30, டை 1. பார்டர் – கவாஸ்கர் கோப்பைக்காக நடந்த 17 தொடர்களில் இந்தியா 10, ஆஸ்திரேலியா 6, ஒன்று சமன். கடைசித் தொடரை ஆஸ்திரேலியா 3–1 என்று வென்று, பத்து வருடத்துக்குப் பிறகு கோப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பும்ரா தனி ஆளாக 32 விக்கெட் எடுத்தும் போதவில்லை. பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்த கையோடு அஸ்வின் ஓய்வை அறிவித்ததும் அந்தத் தொடரில்தான்.

ஒரே ஒரு நாள் ஆட்டம் பார்க்கலாம் என்றால் எதைப் பார்ப்பது?

கொல்கத்தா நான்காம் நாள் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் 2021 ஜனவரி 11, சிட்னி ஐந்தாம் நாளைச் சொல்வேன்.

இலக்கு 407. பந்த் 97 அடித்துப் போய்விட்டார், புஜாரா 77. ஹனுமா விஹாரிக்குத் தொடைத் தசை கிழிந்துவிட்டது, ஓட முடியாது. அடுத்து வந்த அஸ்வினுக்கு முதுகு வலி, காலையில் ஷூ கயிறு கட்டக் குனிய முடியவில்லை. ஜெயிக்க வழியில்லை, தோற்காமல் இருந்தால் போதும். ஸ்டார்க், ஹேசல்வுட், கம்மின்ஸ் உடம்பைக் குறிவைத்தே வீசினார்கள். விலாவில் பட்டது, தோளில் பட்டது. அஸ்வின் ஒவ்வொரு அடிக்கும் நெளிந்துவிட்டு மறுபடி மட்டையை ஊன்றி நின்றார். ஓவருக்கு நடுவே இருவரும் பேசிக்கொண்டது ஸ்டம்ப் மைக்கில் தமிழாகக் கேட்டது. ஸ்டம்புக்குப் பின்னால் நின்று கேப்டன் டிம் பெய்ன் பிரிஸ்பேனுக்கு வா, காத்திருக்கிறோம் என்று சீண்டினார். நீ இந்தியாவுக்கு வா, அதுதான் உன் கடைசித் தொடராக இருக்கும் என்கிற அர்த்தத்தில் அஸ்வின் திருப்பிக் கொடுத்தார். சற்று நேரத்தில் பெய்ன் விஹாரி கொடுத்த கேட்சை நழுவவிட்டார்.

விஹாரி 161 பந்தில் 23. அஸ்வின் 128 பந்தில் 39. நாற்பது ஓவருக்கு மேல், 62 ரன், விக்கெட் விழவில்லை. ஒரு ஓவர் பாக்கி இருக்கும்போது பெய்ன் வந்து கையை நீட்டினார். கை கொடுத்துவிட்டு இருவரும் பெவிலியனை நோக்கி நடந்தார்கள், ஒருவர் நொண்டிக்கொண்டே.